கால் கழுவாத வருஷத்து ஒயின்

கம்பம் பள்ளத்தாக்கில், மேற்குமலையை முட்டிக்கொண்டு நிற்கிற சலேத்துபட்டியில், இன்னாசி குடும்பத்துக்கு ஒன்றேகால் ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது. அந்தப் பந்தலில் பழுக்கிற கறுத்த பழத்தை ஆவணி மாதத்தில் கல்தொட்டியில் கொட்டி, காலால் மிதித்து, சாற்றை மரப்பீப்பாயில் ஊற்றி மூடி, கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் திறப்பார்கள். திறந்தால் வாசனை கோயில் வாசல்வரைக்கும் போகும். பூசைக்கு அந்த ஒயின்தான், ஆயர் வீட்டுப் பந்திக்கு அந்த ஒயின்தான், மலைமேல் எஸ்டேட் மேனேஜர்கள் ஜீப்பில் ஆள் அனுப்பிக் கேட்டுக் கிடைக்காமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டதும் அந்த ஒயினுக்காகத்தான். ரத்தத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. நாக்கில் முதலில் துவர்க்கும், அப்புறம் இனிக்கும், விழுங்கிய பிறகு மழை விட்ட தரையின் மணம் மூக்குக்குள் சற்று நேரம் நிற்கும்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டியில் இறங்குகிற ஆணின் கால்களை அவன் பெண்சாதி கழுவிவிட வேண்டும். அவனாகக் கழுவிக்கொண்டால் செல்லாது, வாய்க்காலில் முங்கி எழுந்து வந்தாலும் செல்லாது. செம்பு அவள் கையில் இருக்க வேண்டும், அவள் குனிய வேண்டும், பத்து விரல்களின் இடுக்கிலும் அவள் விரல் போய்வர வேண்டும். நாலு தலைமுறையாக எத்தனையோ சண்டை நடந்த வீடு அது. தட்டைத் தூக்கி எறிந்த மறுநாள்கூட அந்த வீட்டுப் பெண்கள் முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டாவது குனிந்து கழுவிவிட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு வருஷம், இன்னாசியின் மனைவி வியாகுலம் குனியவில்லை.

காரணம் அவர்களுடைய ஒரே மகள் செசிலி. பழம் ஏற்ற வருகிற லாரியின் டிரைவர் முருகவேலைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள் அவள். அவன் வேறு சாதி, வேறு சாமி, எந்த ஊர்க்காரன் என்றுகூடச் சரியாகத் தெரியாது. வியாகுலம் அழுது பார்த்தாள், அடித்துப் பார்த்தாள், பட்டினி கிடந்தும் பார்த்தாள். கடைசியில் பெரிய வெள்ளிக்கிழமை சிலுவை முத்தி செய்கிற வரிசையில், ஊரே பார்த்திருக்க, பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தை முத்தமிட்டு நிமிர்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, திராட்சைக்கு மருந்தடிக்கக் கரைக்கிற நீல மயில்துத்தக் கட்டியை உள்ளங்கையில் எடுத்துக் காட்டினாள். "அவ அவனக் கட்டிக்கிட்டு என் கண்ணுல முழிச்சா, அன்னைக்கே இதக் கரைச்சுக் குடிப்பேன். இந்தச் சிலுவை மேல ஆணை" என்றாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் இன்னாசிதான்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை, நீலக்கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, இன்னாசி மகளை முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்; கடைசி பஸ்ஸில் தனியாகத் திரும்பி வந்தார். எங்கே விட்டீர்கள் என்று வியாகுலம் கேட்கவில்லை. அவர் தானாகச் சொல்லட்டும் என்று இருந்தாள். அவரும் சொல்லவில்லை. பேச்சில்லாமலே கோடை போயிற்று, ஆவணி வந்தது, தொட்டி நிறையப் பழம் கொட்டியாகிவிட்டது. இன்னாசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்மேல் உட்கார்ந்து கால்களை நீட்டிக் காத்திருந்தார். வியாகுலம் அடுப்படியில் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த உளுந்தில் அவ்வளவு கல் இல்லை. வெயில் ஏறி, பழத்தில் குளவி மொய்க்கத் தொடங்கிய பிறகு அவர் எழுந்து, கழுவாத காலோடு தொட்டியில் இறங்கிவிட்டார்.

கல்லறைத் திருநாள் கழிந்த மூன்றாம் நாள், கொடி நறுக்குகிற கவாத்துக் கத்தரி கையில் இருக்க, இன்னாசி பந்தலுக்குக் கீழேயே விழுந்து செத்துப்போனார்.

அதுவரைக்கும் உலகத்தில் வேண்டிய மட்டும் நேரம் இருக்கிறது என்று வீம்பு பிடித்திருந்த வியாகுலத்துக்கு, அன்றைக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது, மகள் எங்கே இருக்கிறாள் என்று அறிந்த ஒரே வாய் மூடிவிட்டது என்று. இரண்டு நாள் பிணத்தை வைத்துக்கொண்டு நாலு திசைக்கும் ஆள் விட்டார்கள். கம்பத்து மண்டியில் கேட்டால், முருகவேல் அந்த லாரியை விட்டுப் போய் ஏழு மாசமாச்சு, எங்கே போனானோ என்றார்கள். அந்தக் காலத்தில் சலேத்துபட்டிக்கு டெலிபோன் என்றால் சாமியார் பங்களாவில் இருந்த கறுப்புப் பெட்டி ஒன்றுதான். அது ஒருதரம்கூட அவளுக்காக மணி அடிக்கவில்லை. மகள் இல்லாமலே அடக்கம் முடிந்தது. அன்றிலிருந்து வியாகுலம் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோகிறவள் ஆனாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. துக்க வீடு என்றாலும் பூசைக்கு ஒயின் வேண்டுமே என்று பீப்பாயைத் திறந்தார்கள். வழக்கப்படி முதல் டம்ளர் கோயில் உபதேசியார் மிக்கேலுக்கு. அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல், தொண்ணூறு எண்ணும் நேரம் அப்படியே நின்றார். பிறகு சொன்னார்: "போன தைப்பொங்கலுக்கு மறுநாள் இன்னாசி கிழக்குப் பந்தலுக்குக் கம்பி இழுத்தாரு. மத்தியானம் பழைய சோறும் மாங்காய் ஊறுகாயும். சாயங்காலம் கோயில்ல நான் பாடுறதக் கேட்டுட்டு, 'இந்த மிக்கேலு தொண்டைய ஆண்டவர் எப்பத்தான் எடுத்துக்கிருவாரோ'ன்னு மனசுக்குள்ள நெனச்சிருக்காரு." அந்த ஒரு நாள் முழுக்க, விடிந்ததிலிருந்து படுத்ததுவரை, அவர் இன்னாசியாக இருந்துவிட்டு வந்திருந்தார். அதற்குப் பிறகு மிக்கேல் கோயிலில் அடக்கித்தான் பாடினார்.

அந்த ஒயினில் ஒருதரம் வாய் வைத்தால் இன்னாசியின் ஒருநாள். ஒருவருக்கு வந்த நாள் இன்னொருவருக்கு வராது. முந்தின ஆவணியிலிருந்து இந்த ஆவணிவரைக்கும் உள்ள நாட்கள்தான் வந்தன, அதற்கு முந்தினது ஒன்றும் வரவில்லை என்று கண்டுபிடித்ததும் ஊர் தலையை ஆட்டியது. வருஷா வருஷம் பெண்சாதி கையால் கழுவிவிட்டுத் தொட்டியில் இறங்கியவர், இந்த வருஷம் கழுவாமல் இறங்கினார். ஒருவருஷம் நடந்த நடையெல்லாம் காலோடு சாற்றில் இறங்கிவிட்டது, இதில் என்ன இருக்கிறது என்றார்கள். அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமில்லை, குடிக்க வேண்டியிருந்தது.

ஊர் அதைப் பழகிக்கொண்ட வேகம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். முதல் வாரம் பயந்தார்கள், இரண்டாம் வாரம் "உனக்கு என்ன நாள் வந்துச்சு?" என்று கிணற்றடியில் விசாரித்துக்கொண்டார்கள், மூன்றாம் வாரம் குறைசொல்லத் தொடங்கிவிட்டார்கள். சவரக்கடை சூசைக்கு மூன்று தரமும் மருந்தடிக்கிற நாளே வந்ததில் தோள்பட்டை வீங்கிப்போய், "எனக்கு மட்டும் ஒரு நல்ல நாளு கெடையாதா?" என்று சண்டைக்கு வந்தான். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் இன்னாசி வீட்டோடு பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த பக்கத்துத் தோட்டத்துப் பாக்கியத்துக்கு, அவள் காய்ச்சலில் கிடந்த ஒரு நாளில் யாருக்கும் தெரியாமல் இன்னாசி தன் மடையை அடைத்து அவள் வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்ட நாள் வந்தது. அவள் டம்ளரும் கையுமாகத் தெருவில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். வாத்தியார் தனக்கு வந்த நாளில் நாள் முழுக்க ஒன்றுமே நடக்கவில்லை என்றும், அப்படி ஒன்றுமே நடக்காத ஒருநாளில் இவ்வளவு நடக்கும் என்று தனக்குத் தெரியாது என்றும் சொல்லிவிட்டு இரண்டு நாள் பள்ளிக்கூடம் திறக்கவில்லை. குடித்தவர்களுக்கெல்லாம் இன்னாசியின் முழங்கால் வலியும் ஒட்டிக்கொண்டது. ஞாயிறு பூசையில் சனங்கள் முழந்தாளிட்டு எழும்போது, ஆணும் பெண்ணுமாக அத்தனை பேரும் வலது கையை வலது முழங்காலில் ஊன்றி, "ஆண்டவரே" என்று ஒரு மூச்சு விட்டு எழுந்தார்கள்.

பின்வரிசையிலிருந்து வியாகுலம் அதைப் பார்த்தாள். கோயில் முழுக்க அவள் புருஷன் எழுந்து நின்றார், திரும்பிப் பார்த்தால் ஒருவரும் அவர் இல்லை. அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

அவளுக்கு ஊரின் வேடிக்கை எதுவும் வேண்டாம். அவளுக்கு ஒரு நாள் வேண்டும். பீப்பாயிலிருந்து இறக்கி நிரப்பிய சீசாக்களில் ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை எதில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எல்லாச் சீசாவும் ஒரே கறுப்பு. அவள் குடித்தாள். காலையில் குடித்தாள், மத்தியானம் குடித்தாள், குமட்டக் குமட்டக் குடித்தாள், கவாத்து நாளும் அறுப்பு நாளும் சளிக்காய்ச்சல் நாளும் வந்துகொண்டே இருந்தன. தன்னால் தனியாகக் குடித்துத் தீர்க்க முடியாது என்று தெரிந்ததும், வீட்டுக்கு வீடு சீசா கொடுத்துக் குடிக்கச் சொன்னாள். குடித்தவர்கள் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவர்கள் கண் தெளிகிறதுவரைக்கும் காத்திருந்து, முதலில் இதைத்தான் கேட்டாள்: "நீலக்கோட்டுச் சட்டையா?"

"இல்லத்தா, வெள்ளப் பனியன்" என்பார்கள்.

"செசிலி பக்கத்துல இருந்தாளா?"

"இருந்தா. கோழிக்குக் கம்பு போட்டுக்கிட்டு இருந்தா. அது மார்கழி மாசம்த்தா."

அதையாவது சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்வாள், மார்கழி மாசம் என் மகள் கோழிக்குக் கம்பு போட்டாள் என்று. பிறகு அடுத்த வீடு. ஊர்க்காரர்கள் அவள் வருவதைப் பார்த்தால் கதவைச் சாத்தவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். கதவைத் திறந்துவைத்து, இரக்கப்பட்டு, குடித்து, உதட்டைப் பிதுக்கினார்கள். அந்த இரக்கத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அவர்கள் எல்லோரையும் பிடித்துக் கடிக்க வேண்டும் போல இருந்தது.

பங்குனியில் ஒருநாள், பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டே குடித்தபோது, அவளுக்குப் புதன்கிழமை வந்தது. செவ்வாய்க்கு அடுத்த புதன். அவள் இன்னாசியாக வாசற்படியில் நின்றிருந்தாள். முழங்கால் குத்திற்று. உள்ளே ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு சோற்றுப்பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை மட்டும் போய்ப்போய் வந்தது. அது தானே என்று தெரிய வியாகுலத்துக்கு ஒரு கணம் பிடித்தது. இன்னாசியின் நெஞ்சில் காலையிலிருந்து ஒரே வார்த்தைதான்: 'கேளேன். எங்க விட்டீகன்னு ஒரு வார்த்தை கேளேன். கேட்டியானா உன் கோவம் ஆறிருச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிரும். அடுத்த பஸ்சுக்கே உன்னக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்.' தண்ணீர் குடிக்க என்று உள்ளே வந்தார், சுண்ணாம்பு டப்பாவைத் தேடி வந்தார், ஒன்றுமில்லாததற்கும் வந்தார், பதினோரு தரம் வந்தார். பதினோரு தரமும் முதுகு. இடத்தின் பெயர் அவர் நினைப்பில் வரவில்லை. தெரிந்த இடத்தை மனிதன் எதற்குப் பெயர் சொல்லி நினைக்கிறான்? பச்சையாக ஒரு சரிவு மட்டும் ஒரு தரம் வந்து போயிற்று. இந்தப் பக்கம் எந்த மலை பச்சையாக இல்லை?

கண் தெளிந்ததும் வியாகுலம் சுவரில் மண்டையை மோதிக்கொண்டாள். பாக்கியம் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். "கேட்டிருந்தா சொல்லிருப்பாக. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பாக" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள் வியாகுலம். செவ்வாய்க்கு முந்தின நாளை அவள் முன்பே குடித்திருந்தாள். அடுத்த நாளும் இப்போது வந்துவிட்டது. நடுவில் உள்ள ஒரே ஒரு நாள் மிச்சம் இருந்த சீசாக்களில் இருந்தது, அல்லது ஏற்கெனவே எவனாவது குடித்துவிட்டுச் சொல்லாமல் இருந்தான்.

சொல்லாமல் இருக்கிற ஆள் ஊரில் ஒருவர்தான். பங்குச்சாமியார் தனிஸ்லாஸ் தினம் காலையில் பூசையில் அந்த ஒயினைத்தான் அருந்தினார்; தினம் ஒரு நாள் அவருக்கும் வந்தது. வந்ததை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்படி ஒரு ஒயினால் பூசை வைக்கலாமா என்று கேட்டு ஆயருக்குக் கடிதம் எழுதினார். கலப்படமில்லாத திராட்சைப் பழச்சாறுதானா என்று பதில் கேட்டார்கள். ஆமாம் என்று எழுதினார். அப்படியானால் தடையில்லை என்று ஆயர் இல்லம் முத்திரை குத்தி அனுப்பிவிட்டது. அதற்குமேல் அவர் யாரைப் போய்க் கேட்பார்?

ஆனி மாதம் இரண்டாம் ஞாயிறு, பாத்திரத்தை உயர்த்தி இறக்கி அருந்திய தனிஸ்லாஸ் சாமியார், அடுத்த மந்திரத்தைத் தொடங்கவில்லை. சனங்கள் காத்திருந்தார்கள். மிக்கேல் கனைத்துப் பார்த்தார். சாமியாரின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடியில் இறங்கியது. அவர் தலையைத் தூக்கி, பெண்கள் பக்கத்தில் வரிசை வரிசையாகத் தேடி, வியாகுலத்தைக் கண்டுபிடித்து, கண்ணை மூடிக்கொண்டார். பூசையின் மிச்சத்தை மெல்லிய குரலில் முடித்தார்.

வியாகுலம் சனங்களைத் தள்ளிக்கொண்டு, சாமியார் உடை மாற்றுகிற அறைக்குள் போய்விட்டாள்.

"வந்துருச்சா சாமி?"

அவர் இடுப்புக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க வராமல் தடவிக்கொண்டு நின்றார்.

"செவ்வாக்கெழம வந்துருச்சா?"

"பூசையில எனக்கு வர்றது என்னோடது இல்ல வியாகுலம். அத நான் வெளிய சொல்றதும், பாவசங்கீர்த்தனத்துல கேட்டதத் தெருவுல சொல்றதும் ஒண்ணுதான்."

"எம் மக சாமி அது."

"தெரியும்மா."

"உசுரோட இருக்காளா? அத மட்டும் சொல்லுங்க. வாயால வேணாம். தலைய ஆட்டுனாப் போதும்."

அவர் தலை ஆடவில்லை. ஆட்டிவிடக் கூடாதென்று அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அந்தக் கிண்ணத்துல ஊத்துனது எங்க வீட்டுப் பழம் சாமி! எம் புருசன் மிதிச்ச சாறு! அதுல வந்தத நீங்க உள்ள வச்சுப் பூட்டிக்கிருவீகளா? பாக்கிச் சீசாவும் காலியாயிருச்சு. இனிமே எனக்கு எங்கிட்டுப் போயி வரும்?" அங்கியின் கையைப் பிடித்து இழுத்ததில் தையல் விட்டது. "சொல்லலைன்னா மருந்தக் கரைச்சுக் குடிச்சிருவேன் சாமி. இங்கயே குடிச்சிருவேன்."

சாமியாரின் முகம் வெளுத்துவிட்டது. "அந்த வார்த்தைய இன்னொரு தரம் உன் வாயால சொல்லாத" என்றார், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில். பிறகு, "என்னால சொல்ல முடியாது. கேக்க முடியும். சனிக்கெழம சாயங்காலம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில உக்காந்திருப்பேன்" என்றார்.

ஆறு நாள். அந்த ஆறு நாளும் அவள் எப்படிக் கழித்தாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் முதல் ஆளாக நின்றாள். மரச்சட்டத்தின் சிறு துளைகளுக்கு அந்தப் பக்கம் சாமியாரின் காது மட்டும் தெரிந்தது. கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டார். போன வருஷம் பெரிய வியாழக்கிழமை என்றாள்.

ஒன்றொன்றாகச் சொன்னாள். ஆயர் வீட்டுக்கு என்று எடுத்துவைத்த சீசாக்களையும் குடித்துத் தீர்த்தது. சூசையைத் தெருவில் வைத்துக் கெட்ட வார்த்தை சொன்னது. செபமாலை சொல்லாமல் தூங்கியது. எல்லாப் பெண்களையும் பார்த்துப் பொறாமைப்பட்டது.

"வேற?"

"அவுக காலக் கழுவல."

"வேற?"

"கேக்கல சாமி. ஏழு மாசம் ஒரே வீட்டுல இருந்துட்டு ஒரு வார்த்தை கேக்கல."

"வேற?"

அவளுக்கு ஆத்திரம் வந்தது. இன்னும் என்ன இருக்கிறது இந்த மனுஷனுக்கு? பின்னால் வரிசையில் நின்றவர்கள் கால் மாற்றி நின்றார்கள். துளைகளுக்கு அந்தப் பக்கம் காது அசையாமல் காத்திருந்தது. வியாகுலம் முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள். வெகுநேரம் கழித்து எடுத்தாள்.

"பெரிய வெள்ளிக்கெழம சிலுவையத் தொட்டு ஆணை வச்சேன். அத நான் பாவமுன்னு நெனக்கல சாமி. அவ முழிச்சா மருந்தக் குடிப்பேன்னு..." குரல் இறங்கியது. "குடிக்கணும்னு எனக்கு எண்ணமே கெடையாது சாமி. சத்தியமா இல்ல. அந்தக் கட்டிய அன்னைக்குச் சாயங்காலமே குப்பையில போட்டுட்டேன். சும்மா பயமுறுத்தத்தான் சொன்னேன். எந்தத் தாய்தான் சொல்லல? அவளக் கூட்டிக்கிட்டு அவன் வந்து வாசல்ல நின்னா ரெண்டு வசவு வஞ்சுட்டுச் சோறு போட்டிருப்பேன்." அவளுக்கே அப்போதுதான் அது கேட்டது போல நிறுத்தினாள். "அவுக நம்பிட்டாகளா? சாமி? எம் புருசன் அத நெசமுன்னு நம்பிட்டாகளா? என்னயச் சாகவிடாம இருக்கத்தான் எம் மகள எங்கிட்டருந்து ஒளிச்சு வச்சாகளா?"

துளைகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு மன்னிப்பு மந்திரம் வந்தது. அதன் பிறகு, வழக்கமாகப் பத்து மணி செபமாலைக்கு மேல் அபராதம் போட்டறியாத தனிஸ்லாஸ் சாமியார், வெகு நிதானமாக, ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: "உனக்கு அபராதம் சொல்றேன், நல்லாக் கேட்டுக்க. நாளைக் காலையில முதல் பஸ் ஏறிக் குமுளி போ. அங்கருந்து ஏலப்பாறை வண்டி. கரடிப்பாறை எஸ்டேட்டுன்னு கேட்டு எறங்கு. ஏத்தத்துல ஏறுனா அஞ்சாவது லயன், கடைசி வீடு. அந்த வாசல்ல நின்னு ஒரு பரலோக மந்திரமும் மூணு அருள் நிறைந்த மந்திரமும் சொல்லு."

மறுவாரம் அவர் ஆயரிடம் போய்த் தானே முழந்தாளிட்டார் என்றும், அதற்குப் பிறகு அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். அன்றைக்கு வியாகுலத்துக்கு அதெல்லாம் தெரியாது. எழுந்து வெளியே வந்தவள் வாசல் படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உயிரோடு இருக்கிறாள், ஒரு கடைசி வீட்டில் இருக்கிறாள் என்று கோயில் தூணிடம் சொன்னாள்.

மலையில் மழை பிடித்திருந்தது. எஸ்டேட் வாசலில் அவளை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. தேயிலைக்கு நடுவே போகிற செம்மண் ஏற்றத்தில், ஒரு வளைவு, இன்னொரு வளைவு, குடையில்லாமல் ஏறினாள். என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்தாள். முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு வீட்டுக்கு வா என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும் என்பதை அவள் யோசிக்கவில்லை, யோசிக்காமல் பார்த்துக்கொண்டாள்.

ஐந்தாவது லயன், எஸ்டேட் தொழிலாளர்களின் வீட்டு வரிசை. தகரக் கூரையில் மழை கொட்டிற்று. கடைசி வீட்டு வாசலில் நின்று, அபராதத்தை ஒழுங்காக முடிக்க வேண்டும் என்று, கைகூப்பிப் பரலோக மந்திரத்தைச் சொன்னாள். முதல் அருள் நிறைந்த மந்திரத்தைச் சொன்னாள். இரண்டாவதன் நடுவில் கதவு திறந்தது.

செசிலி இளைத்திருந்தாள். தோளில் நாலு மாதக் குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. வியாகுலம் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. செசிலி கதவைச் சாத்தவில்லை, அழவில்லை, ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அவள் முகம் மெல்ல மெல்ல விரிந்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

"வந்துட்டியாம்மா! கடைசியில அப்பா உன்ன வழிக்குக் கொண்டுவந்துட்டாரு பாத்தியா!"

"செசிலி..."

"பதினாலு மாசம்மா. ஒரு லெட்டர்கூடப் போடக்கூடாதுன்னுட்டாரு. 'உங்கம்மா மனசு ஆறுற வரைக்கும் நானும் வரமாட்டேன், வந்தா அவளோடதான் வருவேன், என்னயக் காணோம்னு தேடாத'ன்னு இதே வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனாரு. நானும் ஒவ்வொரு பஸ்சுக்கும் எட்டி எட்டிப் பாக்குறேன்." அவள் அம்மாவின் தோளுக்கு மேலாக ஏற்றத்தைப் பார்த்தாள். மழையில் வளைவுவரைக்கும்தான் பாதை தெரிந்தது. "எங்கம்மா அவரு? பின்னால மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறாரா? இந்த மழையில அவர அங்கன விட்டுட்டு நீ மட்டும் விறுவிறுன்னு ஏறி வந்துட்டியா?"

"செசிலி, நில்லு. அப்பா..."

"இவளப் புடி. பேத்தியப் பாரு. நான் போயிக் கையப் புடிச்சுக் கூட்டியாறேன்."

கதகதப்பான அந்தச் சின்ன உடம்பு வியாகுலத்தின் கையில் வந்து விழுந்தது. அதைக் கீழே போடாமல் பிடிக்கவே அவளுடைய இரண்டு கையும் வேண்டியிருந்தது. செசிலி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செருப்பில்லாமல் சேற்றில் இறங்கி ஓடினாள். வியாகுலம் கத்திக் கூப்பிட வாயைத் திறந்தபோது அவள் முதல் வளைவைத் தாண்டிவிட்டாள், "அப்பா! அப்போவ்!" என்று கூப்பிடுகிற சத்தம் மட்டும், சந்தோஷமாக, கீழே கீழே போய்க்கொண்டிருந்தது.